சொதிக்கு ஒரு பாட்டு

தனியாப் பேசணும்னு நீங்க சொன்னதுமே எனக்கு விளங்கிப்போச்சு மதினி. மதினின்னு கூப்பிடலாம்லா? இன்னும் ஒண்ணும் முடிவாகலை, இருந்தாலும் வாய்ல வந்துருச்சு. இப்படி அடுக்களையில உக்காருங்க. ஆம்பளைங்க முன்ரூம்ல ரோடு அகலப்படுத்துறதைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்காக, அது இப்போதைக்கு முடியாது. இருங்க, ஃபேனைப் போடுதேன்.

நீங்க வாயே திறக்க வேண்டாம். உங்களுக்குக் கேக்கச் சங்கடமா இருக்கும். நானே சொல்லிருதேன். யாரோ உங்க காதுல போட்டிருக்காக. "பாளையங்கோட்டை பகவதி வீட்டுலயா பொண்ணு குடுக்கப் போற? அவ மூத்த சம்பந்தியோட மூணு வருஷம் பேசாம இருந்தவள்லா"ன்னு. உங்க மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது. இல்ல இல்ல, மறுக்காதீங்க. பொண்ணைக் குடுக்கிறவக விசாரிக்கத்தான் செய்வாக. அதுல தப்பே கிடையாது.

ஆனா விஷயத்தை எங்கிட்ட இருந்தே கேட்டுக்கிடுங்க. எங்க மகன் அப்பு உங்க தேன்மொழியைப் பார்த்துட்டு வந்த நாள்ல இருந்து சோறு எடுத்துப் போட்டா பாதியில எந்திரிச்சுப் போறான். முப்பத்தோரு வயசு. இதுக்கு முன்னால பதினாலு இடம் பார்த்து, பதினாலும் தட்டிப்போச்சு. இதுவும் என் பேரால தட்டிப்போச்சுன்னா அவன் என் மூஞ்சியில முழிக்க மாட்டான். எனக்கு அதுதான் பயம். அதனால முழுசாக் கேட்டுட்டு, பொறவு உங்க முடிவைச் சொல்லுங்க.

மூத்தவ சுபாஷினியைப் பொள்ளாச்சியில குடுத்திருக்கோம்லா. மாப்பிள்ளை தங்கம். ஒரு குறை சொல்ல முடியாது. பொண்ணும் மாப்பிள்ளையும் அமெரிக்காவுல ஒரே ஆபீஸ். மாப்பிள்ளையோட அம்மா பேரு மரகதமணி. அவுகளும் நல்லவகதான். நான் இன்னைக்குச் சொல்லுதேன், நல்லவகதான். ஆனா அன்னைக்குக் கேட்டிருந்தீங்கன்னா வேற மாதிரி சொல்லியிருப்பேன்.

கல்யாணம் இங்க, நம்ம ஊர்ல. மறுநாள் சொதிச் சாப்பாடு. உங்களுக்குச் சொல்லணுமா, சொதி இல்லாம நம்ம பக்கம் ஒரு மாப்பிள்ளை ஊர் திரும்பியிருக்கானா? சாம்பார், ரசம், பாயசம் எல்லாம் சமையல்காரர் வச்சாரு. சொதி மட்டும் நான். இருநூறு பேருக்கு! தேங்காய்ப்பால் குழம்புல்லா, முதல் பாலை யாரையும் தொட விடலை. ராத்திரி முழுக்கத் தேங்காய் துருவி, விடிய விடியப் பிழிஞ்சேன். மணிக்கட்டு ரெண்டும் ஒரு வாரம் வீங்கிக் கெடந்தது. பந்தியில சம்பந்தியம்மா இலைக்கு நானே போய் ஊத்துதேன். அவுக ஒரு வாய் எடுத்து வச்சுட்டு என்னைப் பார்த்து என்ன சொன்னாகங்கீங்க?

"ஏனுங்க, இது காய்ச்சல்காரங்களுக்கு வைக்கறதுங்களா?"

இருநூறு பேர் இருக்கிற பந்தியில! வாளியைக் கீழ வச்சேன், உள்ள போனேன். அவ்வளவுதான். மூணு வருஷம். அவுக ஃபோன் போட்டா எங்க வீட்டுல இவுகதான் பேசணும். பொங்கலுக்கு ஒப்புட்டு, அதான் நம்ம போளி, செஞ்சு கூரியர்ல அனுப்பினாக. நான் தொட்டுக்கூடப் பார்க்கலை. ஒண்ணே ஒண்ணு தின்னேன், கெட்டுப்போயிருக்கான்னு பார்க்க. நல்லாத்தான் இருந்தது, அது வேற விஷயம்.

ஆனா ஒண்ணு மதினி. நான் கோவக்காரிதான், சண்டைக்காரி கிடையாது. இதை மட்டும் மனசுல வச்சுக்கிடுங்க.

இருங்க, முடிச்சிருதேன். நீங்க சொல்ல வாரது எனக்குத் தெரியும்.

போன வருஷம் சுபா அங்க அட்லாண்டாவுல வீடு வாங்கினா. பால் காய்ச்சணும், வாம்மான்னா. நானும் என் தங்கச்சி செண்பகமும் போனோம். போனா, வாசக்கதவைத் திறக்கிறது யாரு? மரகதமணி! ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல வரவழைச்சிருக்கா, எங்கிட்ட மூச்சு விடலை. என் வயித்துல பொறந்தவளுக்கு எங்க இருந்துதான் இந்தக் கள்ளத்தனம் வந்ததோ.

பன்னெண்டு நாள் ஒரே வீடு, ஒரே அடுக்களை. நான் நாகரிகமாத்தான் நடந்துக்கிட்டேன். "சுபா, உங்க அத்தைக்குக் காபியில சீனி போதுமான்னு கேளு"ம்பேன். அத்தை எனக்கு மூணடி தள்ளி நிப்பாக. "போதுமுங்கன்னு சொல்லு கண்ணு"ம்பாக. சுபா மாடியில ஆபீஸ் மீட்டிங்ல இருந்தாலும் இறங்கி வந்து ரெண்டு பக்கமும் சொல்லிட்டுப் போகணும். பன்னெண்டாம் நாள் அவளுக்கு வெறி பிடிச்சுப்போச்சு. "அம்மா, நாம பொம்பளைங்க மட்டும் நாஷ்வில் போவோம். ரெண்டு நாள். கேர்ள்ஸ் டிரிப்"ங்கா. அம்பத்தெட்டு வயசுல நானும் கேர்ளாம்! அது என்னமோ அவுக ஊர்க் கிராமியப் பாட்டுக்குப் பேர்போன இடமாம். தெருவுக்குத் தெரு பாட்டுத்தானாம்.

சரின்னு சொல்லிட்டு நான் விரலை மடக்கி எண்ணுதேன். நான், செண்பகம், சுபா. மூணு பேர்! மூணு பேராக் கிளம்பினா காரியம் விளங்குமா? செண்பகம் உடனே வாசலுக்குப் போயி ஒரு கல்லைப் பொறுக்கிட்டு வந்துட்டா, நாலாவது ஆளா கார்ல வச்சுக்கிடலாம்னு. சுபா தலையில அடிச்சுக்கிடுதா. அப்ப அடுக்களையில பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்த சம்பந்தியம்மா, திரும்பாமயே ஒரு சொல்லு சொன்னாக.

"கல்லு எதுக்கு கண்ணு, நான் வர்றேன். கல்லும் பேசாது, நானும் பேசமாட்டேன்."

எவ்வளவு திமிர் பாருங்க! கூப்பிடாமயே கார்ல ஏறுததுக்கு ஒரு வழி. ஆனா என்ன செய்ய? கல்லா சம்பந்தியான்னு வந்தா, கல்லுதான்னு சொல்ல எனக்கு வாய் வரலை. என் மகளோட மாமியார்லா. நாளைக்கு அவளைத்தானே பேசுவாக.

நாலு மணி நேரம் கார். நான் புளியோதரை கட்டியிருந்தேன். அவுக எனக்குத் தெரியாம அரிசிம்பருப்புச் சோறு கட்டியிருக்காக. காலைச் சாப்பாட்டை வழியில மரத்தடியில உக்காந்து சாப்பிட்டோம். செண்பகம் ரெண்டையும் தின்னுட்டு, "யக்கா, அந்தச் சோறு நல்லாருக்குக்கா, ஒரு வாய் பாரேன்"ங்கா. கூடப் பொறந்தவ பேசுத பேச்சா அது? அதுக்குப் பொறவு நான் செண்பகத்தோடயும் பேசலை.

ஊரு நல்லாத்தான் இருந்தது. பகல் பதினோரு மணிக்கே ஒவ்வொரு கடைக்குள்ள இருந்தும் பாட்டு. தெருவெல்லாம் தொப்பி வச்ச ஆளுக. எங்க பார்த்தாலும் செருப்புக்கடை. செருப்புன்னா முழங்கால் வரைக்கும் வார பூட்ஸு. ஒரு ஜோடி வாங்கினா ரெண்டு ஜோடி சும்மான்னு போட்டிருக்கான். அப்ப மொத்தம் எத்தனை? மூணு! நாங்க நாலு பேர். சம்பந்தியம்மா சட்டுனு, "எனக்கு வேண்டாமுன்னு சொல்லு கண்ணு"ன்னாக. நான் விடுவேனா? பொள்ளாச்சி போயி, "அவங்க மூணு பேரும் போட்டுட்டாங்க, நான் சும்மா நின்னேன்"னு சொல்லவா? "சுபா, செண்பகத்துக்குக் கால் வீங்கும். அந்த ஜோடியை உங்க அத்தைக்குக் குடு"ன்னுட்டேன். செண்பகத்துக்கு இன்னைக்கு வரைக்கும் கால் வீங்கினதே கிடையாது. அதையும் அவ இன்னும் சொல்லிக் காட்டிக்கிட்டுத்தான் இருக்கா.

சேலைக்குக் கீழ பூட்ஸ் போட்டுக்கிட்டு நானும் சம்பந்தியும் அந்தத் தெருவுல டக்கு டக்குன்னு நடந்தோம் பாருங்க! பேசிக்கிடலை, ஆனா கால் மட்டும் ஒண்ணாத்தான் போச்சு.

மத்தியானம் சாப்பிடுததுக்குன்னு சுபா ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போனா. உள்ள போனா, அது குடிக்கிற பாரு! இதையும் யாராவது உங்ககிட்ட சொல்லியிருந்தா, நான் சொல்லுததைக் கேட்டுக்கிடுங்க. பட்டப்பகல். நாங்க நாலு பேரும் எலுமிச்சை ஜூஸ்தான் குடிச்சோம். பக்கத்து மேசையில கைக்குழந்தை கூட இருந்தது. மேடையில ஒரு தாடிக்காரன், தொப்பி, கிதார். கூட ஒருத்தன் வயலின் வாசிக்கான், நம்ம கச்சேரியில மாதிரி உக்காந்து இல்ல, நின்னுக்கிட்டு, குதிச்சுக்கிட்டு. என்ன பாட்டுன்னு சுபாகிட்ட கேட்டேன். பொண்டாட்டி விட்டுட்டுப் போயிட்டாளாம், லாரி ரிப்பேராம், நாய் செத்துப்போச்சாம். இம்புட்டுக் கஷ்டத்தையும் சொல்லிட்டு என்ன துள்ளாட்டமா வாசிக்கான்ங்கீங்க! ஜனங்களும் கை தட்டி ஆடுதாக. நான் செண்பகத்துகிட்ட சொன்னேன், "ஏட்டி, இவுக ஊர்ல துக்கத்துக்கு வாரவக காபி குடிச்சுட்டு ஆடிட்டுத்தான் போவாக போல"ன்னு. அப்பதான் அவளோட திரும்பப் பேசினேன்.

அங்க ஒரு வழக்கம். நமக்கு வேண்டிய பாட்டை ஒரு சீட்டுல எழுதி, யாருக்காகன்னும் எழுதி, மேடையில ஒரு ஜாடி இருக்கு, அதுல போட்டா, அவன் வாசிச்சுட்டுப் பாடுவான். சம்பந்தியம்மா சுபா காதுல என்னமோ சொன்னாக. சுபா அவுகளையே பார்த்தா. பொறவு எழுதினா, கொண்டுபோய்ப் போட்டா. நான் கவனிச்சேன், கேக்கலை. நான் எதுக்குக் கேக்கணும்?

தாடிக்காரன் சீட்டை எடுத்தான். ஒரு தடவை மனசுக்குள்ள வாசிச்சான். தொப்பியைக் கழத்தினான். மைக்குல சொன்னான். சுபா எனக்கு எடுத்துச் சொல்லுதா: "மரகதம்ங்கிற அம்மா, பகவதிங்கிற அம்மாகிட்ட மன்னிப்புக் கேக்குறாங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி கல்யாணத்துல அவங்க செஞ்ச சூப்பைக் குறை சொன்னதுக்கு."

அந்த ஹாலே "ஓ"ன்னு என்னைத் திரும்பிப் பார்க்குது. ஒரு தொப்பிக்காரன் கண்ணைத் துடைக்கான். சம்பந்தியம்மா தலை குனிஞ்சு உக்காந்திருக்காக.

நீங்களே சொல்லுங்க மதினி, அந்த இடத்துல நீங்க என்ன செஞ்சிருப்பீங்க?

சூப்பா? சொதி சூப்பா? எனக்கு வேற ஒண்ணுமே காதுல ஏறலை. மன்னிப்பு, கின்னிப்பு, ஒண்ணும் ஏறலை. எந்திரிச்சேன். அந்தப் பூட்ஸோட டக்கு டக்குன்னு மேடை ஏறிட்டேன். சுபா, "அம்மா இறங்கு, அம்மா இறங்கு"ன்னு முந்தானையைப் பிடிச்சு இழுக்கா. "நீ இங்கிலீஷுல சொல்லுட்டி"ன்னேன். சொன்னேன் அவன்கிட்ட. தம்பி, சூப் இல்ல. தேங்காயை மூணு தரம் பிழியணும். மூணாம் பால்ல காய் வேகணும். ரெண்டாம் பாலும் பாசிப்பருப்பும் சேரணும். முதல் பாலை ஊத்தினதும் கொதிக்க விடாம இறக்கி, எலுமிச்சை பிழியணும். இஞ்சிப் பச்சடி இல்லாம இலையில வைக்கவே கூடாது. இதைக் காய்ச்சல்காரனுக்குக் குடுக்க முடியுமா? நீயே நியாயம் சொல்லு.

சுபா எல்லாத்தையும் சொன்னாளோ, பாதியை முழுங்கினாளோ தெரியாது. தாடிக்காரன் கையைக் கட்டிக்கிட்டுக் கேட்டான். மரியாதை தெரிஞ்ச பிள்ளை. முதல் பால், ரெண்டாம் பால்ங்கிறதை விரல்ல எண்ணித் திருப்பிச் சொன்னான். பொறவு கிதாரை எடுத்து, அங்கனயே ஒரு பாட்டுக் கட்டிட்டான் மதினி! ரெண்டு அம்மா, ஒரு பானை, மூணு வருஷம் பேச்சில்லை. லாரி போனா லாரி வரும், நாய் போனா நாய் வரும், சம்பந்தி போனா யாரு வருவான்னு. அந்த ஹால் முழுக்க மேசையில தட்டி, "சொதி! சொதி!"ன்னு கத்துது. நாயையும் நம்மளையும் ஒரே வரியில வச்சது எனக்குப் பிடிக்கலை. ஆனா அர்த்தம் சரிதான்.

நான் ஜெயிச்ச மாதிரித்தான் இறங்கி வந்தேன். வந்து பார்த்தா, சம்பந்தியம்மா முந்தானையில மூஞ்சியை மூடிக்கிட்டு அழுதாக. சத்தமே இல்ல, தோள் மட்டும் குலுங்குது. சுபாவைத் தேடினேன், எனக்காகச் சொல்லச் சொல்லலாம்னு. அவ மேடைக்கிட்ட நிக்கா. செண்பகம் சிப்ஸ் தின்னுக்கிட்டு இருக்கா. வேற வழியில்லாம நானே சொன்னேன். மூணு வருஷத்துல முதல் தடவை.

"அழாதீங்க. எல்லாரும் பாக்காக."

அவுக மூஞ்சியைத் திறந்தாக. "சம்பந்தி, அன்னைக்கு உங்க கொழம்புல ஒரு குத்தமும் இல்லீங்க. என்ற பையன் சாயந்திரம் அமெரிக்கா போக ரயிலேறறான், இனி எப்ப வருவானோன்னு ஒரே நெனப்பு. சோறு எறங்கல. அழுதுபோட்டா கல்யாண வீட்டுல எல்லாரும் என்ன ஏதுன்னு கேப்பாங்கன்னு, வாய்க்கு வந்ததைச் சொல்லி சிரிச்சுப்போட்டேன். நீங்க வாளியை வெச்சுப்போட்டுப் போனதுக்கப்பறந்தான் எனக்கு உறைச்சுது"ன்னாக.

எனக்கும் அதே கதைதான் மதினி. பொய் சொல்லலை. ஏன்னா அன்னைக்கு வாளியை வச்சுட்டு உள்ள போனேன்னு சொன்னேன்லா, போயி நான் என்ன செஞ்சேன் தெரியுமா? மண்டபத்து ஸ்டோர் ரூம்ல தேங்காய் மூட்டை மேல உக்காந்து அழுதேன். சொதிக்கா அழுதேன்? அதே ரயில்ல என் மகளும்தானே போனா. அவுக சிரிச்சு மறைச்சாக, நான் கோவப்பட்டு மறைச்சேன். அந்த நிமிஷம் எனக்கு அவுக மேல இருந்த பாசம், என் கூடப் பொறந்தவ மேல கூட வந்ததில்லை. கையைப் பிடிச்சுக்கிட்டேன். அவுகளும் விடலை. ஜூஸ் தீர்ந்துபோச்சு, இன்னொண்ணு வாங்கி ரெண்டு பேரும் ஒரே டம்ளர்ல குடிச்சோம்.

இருந்தாலும் அவுக பாயசத்தைச் சொல்லியிருக்கலாம். அது சமையல்காரர் வச்சது.

ஊருக்கு வந்ததுல இருந்து இன்னைக்கு வரைக்கும் தினம் பத்து மணிக்கு ஃபோன் வரும். அவுக வீட்டுத் தென்னையில எத்தனை காய் இறக்கினாகன்னு கூட எனக்குத் தெரியும். அமெரிக்காவுல இருந்து கிளம்புததுக்கு முந்தின நாள் அவுகளுக்காகவே சொதி வச்சேன். மூணு தரம் வாங்கிச் சாப்பிட்டாக. சாப்பிட்டுட்டு, "ஒரு பச்சமொளகா சேத்தியிருந்தா இன்னும் நல்லாருக்குமுங்க"ன்னாக. நான் பேசலை. எத்தனை நாள்ங்கீங்க? ரெண்டே ரெண்டு நாள்! ஃப்ளைட்டு, ரயிலு எல்லாம் சேர்த்து. மூணு வருஷம் எங்க, ரெண்டு நாள் எங்க? நான் எம்புட்டு மாறிட்டேன்னு பார்த்துக்கிடுங்க.

அதனால ஊர்ல ஆயிரம் சொல்லுவாக, நம்பாதீங்க. உங்க தேன்மொழி இந்த வீட்டுல ராணி மாதிரி இருப்பா. அவ சொதி வைக்க வேண்டாம், நானே வச்சுக்கிடுதேன். இப்பச் சொல்லுங்க, உங்ககிட்ட பத்த வச்சது யாரு? மேலரத வீதி ஆவுடையம்மாவா? அவளுக்குத்தான் அந்த வாய்.

என்னது?

யாரும் ஒண்ணும் சொல்லலையா?

ஒருத்தருமா? அப்ப எதுக்குத் தனியாப் பேசணும்னு கூப்பிட்டீங்க? அட, முதல்லயே சொல்லப்பிடாதா? நீங்க எங்க வாயைத் திறந்தீங்க, நான் எங்க விட்டேன். போச்சு, நானே என் வாயால... அப்புவுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னே போடுவான். சரி, சொல்லுங்க. நீங்க சொல்ல வந்தது என்ன?

உங்க மூத்த மகளோட மாமியாரா? ம். அவுகளுக்கும் உங்களுக்குமா? பேச்சே கிடையாதா? எத்தனை வருஷமா?

அஞ்சு வருஷமா!

அம்மாடி. அஞ்சு வருஷமா மதினி! வெளிய இருந்து யாரும் சொல்லுததுக்கு முன்னால நீங்களே வந்து சொல்லிரணும்னு நினைச்சீங்களாக்கும். நல்ல மனசுதான், நான் இல்லைங்கலை. ஆனா, தப்பா நினைக்காதீங்க, இது கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம்லா? ஒரு சம்பந்தியோட அஞ்சு வருஷம் மூஞ்சி குடுத்துப் பேசாத வீட்டுல பொண்ணு எடுக்கிறதுன்னா, நாளைக்கு எங்கிட்டயும் அப்படித்தானே இருப்பீங்க? எங்க வீட்டுல இவுககிட்ட கலக்கணும். நாலு பேருகிட்ட விசாரிக்கணும். அதெப்படிங்க, ஒரு மனுஷிக்கு அஞ்சு வருஷமா மனசு இளகாம இருக்கும்?

இருங்க, எந்திரிக்காதீங்க. உக்காருங்க. ஒண்ணே ஒண்ணு கேக்குதேன், ஒளிக்காமச் சொல்லுங்க. தப்பு யாரு மேல?

அவுக மேலயா?

முழுக்க அவுக மேலதானா? உங்க மேல ஒரு துளி கூட இல்லையா? பெத்த பிள்ளை மேல சத்தியமா?

அப்படிச் சொல்லுங்க! அப்ப பொறவு என்ன யோசனை? ஏங்க, முன்ரூம்ல இன்னும் என்ன ரோட்டுப் பேச்சு, எந்திரிச்சு காலண்டரை எடுங்க. முகூர்த்தம் பாருங்க!